வாரச் சம்பளம், ஏழு கடன்: எதுல இருந்து அடைக்க ஆரம்பிக்கிறதுங்க?

பவர்டேபிள், திருப்பூர்

வணக்கமுங்க. கணக்குத் தெரிஞ்சவங்க கொஞ்சம் ரோசனை சொல்லுங்க.

பனியன் கம்பெனி வேலை. நான் பவர் டேபிள் தையல், ஊட்டுக்காரி செக்கிங். ரெண்டு பேருக்கும் சேர்த்து சனிக்கிழமை 6,500 கைக்கு வருது. ஊட்டுச் செலவு, லைன் வீட்டு வாடகை கரண்டோட 5,200, மளிகை காய் பால் வாரம் 2,000, பையன் ஸ்கூல் வேன் 1,000, பெட்ரோல் 1,200, போன் 600, மருந்து மாத்திரை 500, கேஸ் மாசத்துக்குப் பிரிச்சா 450, டீ வடை சில்லறை 800.

கடன் இதுங்க:

தண்டல் 20,000. கைக்கு வந்தது 17,000. தினம் 200, நூறு நாள். நாப்பது நாள் கட்டியாச்சு.
கிரெடிட் கார்டு 60,000 நிக்குது. மாசம் மினிமம் 3,000 கட்டறேன்.
தெரிஞ்சவர்கிட்ட கைக்கடன் 50,000, மூணு வட்டி. புரோ நோட்டும் தேதி போடாத செக்கும் அவர்கிட்ட.
நகை 5 பவுன், நகைக்கடன் கம்பெனில 1,40,000. வருசத்துக்கு 22 சதவீதம். ஏழு மாசமா வட்டி கட்டல.
மகளிர் குழுக்கடன் வாரம் 600, இன்னும் 46 வாரம்.
வண்டி இ.எம்.ஐ. 2,850, இன்னும் 14 மாசம்.
மச்சான் குடுத்தது 30,000, வட்டி இல்லை.

ஒவ்வொரு மாசமும் எதையாவது புரட்டித்தான் ஓடுது. தண்டலை முதல்ல முடிச்சிரலாமா? இல்ல சீட்டு ஒண்ணு போட்டு எடுத்து மொத்தமா அடைக்கலாமா? ஒரே வெசனமா இருக்குதுங்க.

---

ஈரோட்டுக் கணக்கு

முதல்ல துண்டு எங்க விழுதுன்னு பாருங்க. மாசத்துக்கு நாலு சனிக்கிழமைன்னு வெச்சா வரவு 26,000. ஊட்டுச் செலவு 17,750. கடனுக்குப் போறது தண்டல் 6,000, கார்டு 3,000, கைக்கடன் வட்டி 1,500, குழு 2,400, வண்டி 2,850, ஆக 15,750. ரெண்டையும் கூட்டினா 33,500. மாசம் 7,500 பத்தல. இது உங்க கண்ணுக்குத் தெரியிற துண்டு. நகை வட்டி மாசம் 2,567 கட்டாமயே ஏறிட்டு இருக்கு, அதையும் சேர்த்தா 10,000. இந்த 10,000 எங்கியோ கடனாத்தான் வந்துட்டு இருக்கு. அதனால நீங்க எவ்வளவு கட்டினாலும் மொத்தக் கடன் குறையாது. புரட்டறதுன்னு நீங்க சொல்றது இதைத்தான்.

அடுத்து எல்லாக் கடனையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வாங்க. நம்ம பக்கம் பேசற மாதிரியே, நூத்துக்கு மாசம் எத்தனை ரூபா?

தண்டல்: 17,000 வாங்கி நூறு நாள்ல 20,000 கட்டறீங்க. 15 சதவீதம்தானேன்னு தோணும். ஆனா 17,000 நூறு நாளும் உங்க கையில இருக்கிறதில்ல, மக்யா நாளே 200 திரும்பப் போகுது. சராசரியா பாதிப் பணம்தான் உங்ககிட்ட நிக்குது. அதை வெச்சுப் போட்டா நூத்துக்கு மாசம் பத்து ரூபா. பத்து வட்டி.

கார்டு: பெரும்பாலும் மாசம் 3.5 சதவீதம், அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக நாலு வட்டிக்குக் கொஞ்சம் மேல. 60,000-க்கு வட்டி 2,100, ஜி.எஸ்.டி. 378. நீங்க கட்டற 3,000-ல 2,478 அப்படியே போயிருது. அசல்ல கழியறது 522 ரூபா. அந்த மாசம் அந்தக் கார்டுலயே 522-க்கு மேல தேய்ச்சீங்கன்னா நிலுவை ஏறும். இன்னொண்ணு, பாக்கி நிக்கும்போது புதுசா தேய்க்கிறதுக்கு வட்டியில்லா நாள் கிடையாது, தேய்ச்ச அன்னிக்கே வட்டி ஓடும்.

கைக்கடன் மூணு வட்டி. நகை 1.83. குழுக்கடன் உங்க லோன் கார்டுல போட்டிருக்கும், 24 சதவீதம்னா ரெண்டு வட்டி. மச்சான் பணம் சைபர்.

ஆக உங்ககிட்ட இருக்கிற ஒரே தெம்பு நகைதான். வங்கியில நகைக்கடன் பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும், நூத்துக்கு 83 காசு. பவுன் விலையைக் கம்மியா 80,000-னே வெச்சு (இன்னிக்கு விலையை நீங்களே போட்டுக்குங்க) 5 பவுன் 4,00,000. அதுல 75 சதவீதம்னு வெச்சாலும் 3,00,000 வரைக்கும் கிடைக்கும். நகைக்கடன் கம்பெனிக்கு வட்டியோட 1,58,000, தண்டல் 12,000, கார்டு 60,000, கைக்கடன் 50,000, மொத்தம் 2,80,000. இதை வங்கியில ஒரே கடனா மாத்திட்டா மாச வட்டி 2,333. நாலு இடத்துக்குப் போற 13,000 ரூபா 2,333-க்கு வந்துரும்.

---

நொய்யல்கரை

ஈரோட்டண்ணன் போட்ட வட்டிக் கணக்கு சரி. ஆனா முடிவுல ரெண்டு இடத்துல ஒத்துக்க முடியலைங்க.

ஒண்ணு, தண்டல். பத்து வட்டிங்கிறதால முதல்ல அடைக்கணும்னு யாரும் சொல்லுவாங்க. ஆனா தண்டல்ல வட்டியை முன்னாடியே பிடிச்சுட்டாங்க. இன்னிக்கு முழுசா கட்டினாலும் 12,000, அறுபது நாள் 200 வீதம் கட்டினாலும் 12,000. சீக்கிரம் கட்டறதால உங்களுக்கு அஞ்சு பைசா லாபமில்ல, குடுத்தவருக்குத்தான் லாபம். "இப்பவே முடிச்சா எவ்வளவு தள்ளுவீங்க?"ன்னு கேளுங்க. 1,000 குறைச்சா முடிங்க. இல்லைன்னா 12,000-ஐத் தனியா எடுத்து வெச்சுட்டு தினம் 200 குடுத்துட்டே இருங்க.

தண்டல்ல நிஜமான கண்ணி எங்கன்னா, அறுபதாம் நாள் வாக்குல "அண்ணா, புதுசா எழுதிக்கலாமே"ம்பாங்க. நாப்பது நாள் பாக்கி 8,000 பிடிச்சு, புது 20,000-க்கு முன்வட்டி 3,000 பிடிச்சு, கைக்கு 9,000 வரும். அந்த 9,000-க்காக நாப்பது நாள்ல முடிய வேண்டியது மறுபடி நூறு நாள் ஆயிரும். அறுபது நாள் எச்சா, 12,000 ரூபா. பிடிச்ச 8,000-க்குள்ளயும் பழைய வட்டி ஒளிஞ்சிருக்கு, அதுக்கு மேல புது வட்டி. இந்த எழுதிக்கலாமேக்கு மட்டும் தலையாட்டாதீங்க.

ரெண்டாவது, அஞ்சு பவுனையும் உச்ச வரம்பு வரைக்கும் வெக்கறது. அண்ணன் கணக்குப்படியே பாருங்க: புது வட்டி 2,333, குழு 2,400, வண்டி 2,850, ஊட்டுச் செலவு 17,750, கூட்டினா 25,333. மிச்சம் 667. பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தா இந்த 667 காலி, மறுபடி தண்டல்காரர்கிட்டப் போய் நிப்பீங்க. பவுன் விலை இறங்குனா வங்கி கொஞ்சம் அசல் கட்டச் சொல்லும். வருசம் முடிஞ்சு மாத்தி வெக்கறப்போ மொத்த வட்டியும் ஒரே நாள்ல கேட்பாங்க.

ரெண்டு பவுனை வித்துருங்க. 80,000 கணக்குல 1,60,000, கழிவு நாலு சதவீதம் போனாலும் 1,53,600. மீதி 1,26,400-க்கு மூணு பவுனை வங்கியில வெச்சா போதும், வரம்பு 1,80,000 வரைக்கும் இருக்கு, மூச்சு விட இடம் இருக்கும். வட்டி 1,053. மிச்சம் 667-க்குப் பதிலா 1,947. பொன்னை விக்கிறதுன்னா நம்ம ஊர்ப்பக்கம் மானம் போன மாதிரி நினைக்கிறாங்க. நாலு வட்டிக்குக் கார்டு ஓடும்போது பீரோவுக்கு வரவே வராத வளையலை வெச்சுட்டு என்ன பண்றது?

அஞ்சு பவுனும் ஒரே ரசீதா, ரெண்டு ரசீதா? அதைச் சொல்லுங்க, மீக்கிற வழி அதைப் பொறுத்துத்தான்.

---

பவர்டேபிள், திருப்பூர்

ரெண்டு ரசீதுங்கண்ணா. வளையல் 2 பவுனுக்கு 56,000, செயின் 3 பவுனுக்கு 84,000. வளையல் ஹால்மார்க் போட்டது, செயின் பழசு. மீக்கிறதுக்கே கையில பணம் இல்லியே, அதுக்கு எப்படிங்க?

---

நொய்யல்கரை

ரெண்டு ரசீதுன்னா வேலை சுலபம். வளையலை மட்டும் மீக்க 56,000-மும் ஏழு மாச வட்டி 7,187-ம், சுமார் 63,200. இது ஒரு காலைப்பொழுதுக்குத்தான் வேணும். மச்சான்கிட்டக் கேளுங்க, பகல்ல திருப்பிரலாம். இதுக்குன்னு புதுசா வட்டிக்கு மட்டும் எடுக்காதீங்க. இல்லைன்னா "அடகு நகையை மீட்டு வாங்கிக்கொள்கிறோம்"னு போர்டு போட்ட கடைக்காரங்களே பணத்தோட கூட வருவாங்க, ஆனா கிராமுக்குக் கொஞ்சம் கம்மியாப் போடுவாங்க. குறைஞ்சது ரெண்டு கடையில விலை கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

போறதுக்கு முந்தின நாள் நகைக்கடன் கம்பெனியில "நாளைக்கு முடிச்சா எவ்வளவு?"ன்னு எழுதி வாங்கிக்குங்க. வட்டி கட்டத் தவறினதுக்கு அபராத வட்டி, நோட்டீஸ் செலவுன்னு எதாவது சேர்ந்திருக்கும். சில திட்டத்துல மாசாமாசம் வட்டி கட்டினாத்தான் கம்மி வட்டி, ஏழு மாசம் விட்டா மேல்படிக்கு ஏறியிருக்கும். ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படிங்க.

விக்கிற இடத்துல மூணு விசயம். ஹால்மார்க் வளையல்ல 916 முத்திரை, ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. அடையாள எண் இருந்தா உருக்கிப் பார்க்கணும்னு சொல்ல வேண்டிய அவசியமில்ல. கல்லு, அரக்கு எடையைத் தனியாக் கழிச்சு நிகர எடையைச் சீட்டுல எழுதச் சொல்லுங்க. அன்னிக்கு போர்டு விலையில இருந்து எத்தனை சதவீதம் கழிக்கிறாங்கன்னு தராசுல வெக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க, வெச்சதுக்கப்புறம் பேரம் எடுபடாது. பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

வளையல் வித்த 1,53,600-ல மீட்ட காசு போக 90,400 மிச்சம். செயினை மீக்க 84,000-மும் வட்டி 10,780-ம், ஆக 94,780. நாலாயிரத்துச் சொச்சம்தான் குறையும், அந்த வாரச் சம்பளம் தாங்கும். செயினை வங்கியில 1,26,400-க்கு வெச்சா, அந்தக் குறையைத் திருப்பிப் போட்டது போக 1,22,000 நிக்கும். கார்டு 60,000, கைக்கடன் 50,000, தண்டலுக்கு ஒதுக்க 12,000. சரியா வந்துருச்சுங்களா?

---

அந்தியூர் அக்கா

தம்பி, ஆம்பளைங்க ரெண்டு பேரும் பெரிய கணக்கைப் போட்டுட்டாங்க. ஆனா கடன் திரும்பி வர்றது சனிக்கிழமை ராத்திரியிலதான். வளையல் வித்ததுக்கப்புறம் 6,500-ஐ எப்படிப் பிரிக்கணும்னு சொல்றேன், ஊட்டுக்காரிகிட்டயும் காட்டுங்க. குழுக்கடன் அவ பேர்ல இருக்கு, வளையல் அவளோடது. அவளுக்குத் தெரியாம இதுல ஒண்ணும் நடக்காது.

சனிக்கிழமை சம்பளம் வந்த கையோட வாடகைக்கு 1,300, குழுவுக்கு 600, வண்டிக்கு 712, நகை வட்டிக்கு 265 எடுத்துருங்க. இந்த 2,877-ல வாடகையும் குழுவும் கவர்ல. வண்டியும் நகையும் தனி சேமிப்புக் கணக்குல போடுங்க, அந்தக் கணக்குக்கு ஜிபே இணைக்காதீங்க. இ.எம்.ஐ. அஞ்சாம் தேதி எடுப்பாங்க, சம்பளம் வர்றதோ சனிக்கிழமை. ஒரு தடவை கணக்குல காசில்லாமத் திரும்புனா வங்கி ஒரு பக்கம், பைனான்ஸ் ஒரு பக்கம் அபராதம் போடுவாங்க. அதுக்குப் பயந்து 500 கைமாத்து, அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பம்.

அப்புறம் மளிகை காய் பால் 2,000, வேன் 250, கேஸ் 115, பெட்ரோல் 300, போன் 150, மருந்து 125, சில்லறை 200. எல்லாம் போக 483 நிக்கும். இந்த 483-தான் இனி உங்க குடும்பத்துக்கு ஆயுதம்.

அதுல முதல் 5,000 சேர்ற வரைக்கும் எந்தக் கடனுக்கும் எச்சாக் கட்டாதீங்க. போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல போட்டு வைங்க, 500 இருந்தா கணக்கு ஆரம்பிக்கலாம். அவசரத்துக்குத் தண்டல்காரரைக் கூப்பிடாம இருக்கறதுக்குத்தான் அந்த 5,000.

மாசத்துல அஞ்சாவது சனிக்கிழமை வருசத்துக்கு நாலு தடவை வரும். முழு 6,500-ம் மிச்சம்னு நினைச்சா ஏமாந்துருவீங்க. அந்த வாரமும் சோறு திங்கணும், குழுவுக்கும் 600 கட்டணும். 2,600 போனா 3,900 நிக்கும். காலண்டர்ல அந்தத் தேதியை இப்பவே வட்டம் போட்டு வைங்க, அது நகைக்கடன் அசலுக்கு. பெரும்பாலான வங்கியில நகைக்கடனுக்கு எந்த நாள் வேணும்னாலும் கொஞ்சமா அசல் கட்டலாம், அன்னியில இருந்தே வட்டி குறையும்.

தீபாவளி போனஸைக் கையில வாங்கின அன்னிக்கே கடனுக்குக் கட்டிராதீங்க. தீபாவளி முடிஞ்சு ஆளுங்க ஊர்ல இருந்து திரும்பற வரைக்கும் கம்பெனி ஓடாது, ஒண்ணு ரெண்டு சனிக்கிழமை அரைச் சம்பளம்தான். போனஸ்ல 6,000 அதுக்கு நிறுத்தி வெச்சுட்டு மீதியைக் கட்டுங்க.

மளிகையில குறைக்க இடம் இருக்கு. ரேசன்ல அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளிக்கடை விலையோட ஒப்பிட்டா இது ரெண்டுலயே நல்ல மிச்சம். ரேசன் கார்டை ஒறம்பரை சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டு கடையில வாங்கறவங்க இருக்காங்க, அதனால சொல்றேன். காய்க்கு உழவர் சந்தை, விடியக்காலையில. உரிமைத்தொகை 1,000 ஊட்டுக்காரிக்கு வந்தா அதை இந்தப் பட்டியல்ல சேர்க்கலை, அப்படியே 5,000-த்துக்கான கணக்குல விழட்டும். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா மருந்துக்கு அங்க போங்க.

நீங்க எழுதாம விட்ட செலவு ஒண்ணு இருக்கு. மொய், சீர், நோம்பி. மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரை வரும், மாமன் சீர்னு ஒண்ணு வரும், எழுதிங்கள் சடங்கு வந்தா சொல்லவே வேண்டாம். மொய் நோட்டை எடுத்து உங்களுக்கு யார் யார் எவ்வளவு வெச்சாங்கன்னு பார்த்து, இந்த வருசம் திருப்ப வேண்டியதை மட்டும் கூட்டுங்க. வந்ததுதான் போகணும், கூட வெக்கற வருசம் இது இல்ல. 10,000 வருதுன்னா வாரம் 200. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இல்ல, அந்த ரெண்டு மாசத்துலயும் அந்த 200 தப்பாமச் சேரட்டும்.

சீட்டு கேட்டிருந்தீங்க. ஒரு லட்சம், இருவது பேர், மூணாம் மாசம் 25,000 தள்ளி எடுத்தா 75,000 கைக்கு வரும். கழிவு போக மாசம் 4,200 மாதிரி பதினேழு மாசம் கட்டணும். வட்டின்னு பார்த்தா ஒன்னே கால், ஒன்னரைக்குள்ளதான், அது மோசமில்ல. ஆனா மாசம் 4,200 எங்கிருந்து வரும்? உங்களுக்கு மிச்சமே 1,947. போடறதுன்னா ரெண்டு வருசம் கழிச்சுப் போடுங்க, அதுவும் 1982 சட்டப்படி பதிவு பண்ணின சீட்டா பார்த்து. வீதியில நடக்கற சீட்டு நடத்தறவர் ஓடிட்டா பேசறதுக்குக் காகிதம் இருக்காது.

---

கோர்ட் வீதி, கோவை

பணத்தைக் கட்டி முடிக்கிறதுல பாதி வேலைதான் ஆகுது. காகிதத்தை வாங்கினாத்தான் கடன் முடிஞ்சதுன்னு அர்த்தம்.

கைக்கடன்: 50,000-ஐ ரொக்கமாக் குடுக்காதீங்க, வங்கி மூலமா அனுப்புங்க. அனுப்பற அன்னிக்கே புரோ நோட்டும் செக்கும் கைக்கு வரணும். நோட்டின் பின்பக்கம் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்"னு தேதியோட கையெழுத்து வாங்கிக் குறுக்கே கோடு போடுங்க. தேதி போடாத செக் ஒருத்தர் கையில இருக்கிறது சும்மா இல்ல. அவர் நிரப்பிப் போட்டுத் திரும்புனா மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு. திரும்புன தகவல் கிடைச்ச 30 நாளுக்குள்ள நோட்டீஸ் வரும், நோட்டீஸ் கிடைச்சு 15 நாளுக்குள்ள கட்டணும், இல்லைன்னா வழக்கு. செக் தொலைஞ்சுருச்சுன்னு அவர் சொன்னா அந்த எண்ணைச் சொல்லி வங்கியில பணம் நிறுத்த எழுதிக் குடுங்க, அவர்கிட்ட பணம் பெற்றதுக்கு எழுத்தும் வாங்குங்க.

கார்டு: வங்கிக்காரங்க "40,000 கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம்"னு ஆசை காட்டலாம். மீதி 20,000 மிச்சம்தான், ஆனா சிபில் கடன் அறிக்கையில "செட்டில்டு"ன்னு விழும். அடுத்து வங்கியில எதுக்குப் போனாலும் அது முன்னாடி நிக்கும். பணம் இருக்கும்போது முழுசாக் கட்டி "குளோஸ்டு" வாங்கறதுதான் சரி. கார்டை மூடச் சொல்லி எழுதி, பாக்கி இல்லைங்கிற கடிதம் வாங்குங்க. நாலு கடன் தகவல் நிறுவனமும் வருசத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாத் தரணும். மூணு மாசம் கழிச்சு எடுத்து எல்லாம் மூடியிருக்கான்னு பாருங்க. மறந்து போன பழைய கடன் எதாவது இருந்தாலும் அதுலயே தெரியும்.

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாம் தமிழ்நாட்டுல 2003-ல வந்த அதீத வட்டித் தடைச் சட்டப்படி குற்றம். மூணு வருசம் வரை சிறை, 30,000 வரை அபராதம். மிரட்டல் வந்தா போலீஸ் ஸ்டேசன். அங்க வேலையாகலைன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு. வக்கீல் வெக்க வசதியில்லைன்னா மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. சண்டை போடச் சொல்லி இதை எழுதல. சட்டம் இருக்குன்னு தெரிஞ்சா அறுபது நாளும் நிமிர்ந்து பேசலாம்.

வங்கி, பைனான்ஸ் கம்பெனி வசூல் ஆளுங்க காலை 8-க்கு முன்னாடியும் மாலை 7-க்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாது. மைக்ரோ பைனான்ஸ் குழுக்கடன்னா இன்னும் சுருக்கம், 9-ல இருந்து 6 வரைக்கும்தான். குழுக்கடன் வசூல் குறிச்ச இடத்துலதான். தொடர்ந்து ரெண்டு தடவையோ மேலயோ அங்க வராம இருந்தாத்தான் வீட்டுக்கு வரலாம். அதனால கட்ட முடியாத வாரத்துலயும் கூட்டத்துக்குப் போய் உட்காருங்க, சொல்லிட்டு வாங்க. போகாம விட்டா உங்க தவணை மத்த பொம்பளைங்க தலையில விழுந்து, கடனைவிட அந்தப் பகை பெருசாயிரும். கடன் குடுத்த கம்பெனிக்கே எழுத்துல புகார் குடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், விவரம் கேட்க 14448.

---

ஈரோட்டுக் கணக்கு

நொய்யலார் சொன்ன ரெண்டையும் ஒத்துக்கறேன். 667 ரூபா மிச்சத்தை நம்பிச் சொன்னது என் தப்பு. தண்டல்ல வட்டி முன்னாடியே பிடிச்சதையும் கவனிக்கல.

வளையல் விக்க ஊட்ல சம்மதிக்கலைன்னா இன்னொரு வழி. கார்டு பாக்கியை வங்கியிலயே தவணையா மாத்தச் சொல்லுங்க. வருசம் 16 சதவீதம், 24 மாசம்னா தவணை 2,938. இப்ப மினிமம்னு கட்டறீங்களே 3,000, அதே காசு. முதல் மாசம் வட்டிக்கு ஜி.எஸ்.டி. 144 சேரும், அப்புறம் குறைஞ்சுட்டே வரும். 522 கழிஞ்ச இடத்துல முதல் மாசமே 2,138 கழியும், ரெண்டு வருசத்துல பாக்கி சுத்தமா முடியும். முன்கட்டணம் எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. தவணை கட்டக் கட்ட வரம்பு மறுபடி திறக்கும், அதனால மாத்தினதும் கார்டைக் கத்திரியில வெட்டிரணும், இல்லைன்னா பாக்கி மறுபடி ஏறிரும்.

குழுக்கடனை முன்னாடியே முடிச்சா இதுல நிஜமாவே மிச்சம் உண்டு. மைக்ரோ பைனான்ஸ்ல முன்கூட்டி அடைக்கிறதுக்கு அபராதம் கிடையாது. 24 சதவீதம்னா 46 வாரம் 600, மொத்தம் 27,600 கட்டறதுக்குப் பதிலா இன்னிக்கு 24,800 மாதிரி போதும். ஆனா அந்த 24,800 இப்ப உங்ககிட்ட இல்ல, அதனால அது பாட்டுக்கு ஓடட்டும்.

மச்சான் பணத்துக்கு வட்டி இல்லைன்னு கடைசிக்குத் தள்ளாதீங்க. 5,000 சேர்ந்ததுக்கப்புறம் மாசம் 500 அவருக்கு அனுப்புங்க, கணக்கா. நாளைக்கு வளையல் மீக்க 63,200 கேட்டுப் போறது அவர்கிட்டத்தானே.

வண்டி தவணை முடியற 14 மாசத்துக்கு அப்புறம், குழுவும் முடிஞ்சிருக்கும், மாசம் 7,200 கிட்ட மிஞ்சும். எல்லாக் கடனும் முடிய கணக்குப்படி ரெண்டரை வருசம். மொய்யும் ஆஸ்பத்திரியும் சேர்த்து மூணு வருசம்னு வெச்சுக்குங்க.

---

பவர்டேபிள், திருப்பூர்

எல்லாத்துக்கும் நன்றிங்க. ஊட்ல நேத்து ராத்திரி காட்டினேன். வளையலுக்குச் சம்மதம்தான், ஆனா "செயினை விக்கலாமே, அதுதான் பழசு"ன்னும் கேக்கறாங்க. எது சரிங்கண்ணா?

---

நொய்யல்கரை

வளையல்தாங்க. பழைய செயின்ல ஹால்மார்க் இல்லைன்னா உருக்கித் தரம் பார்த்துத்தான் விலை போடுவாங்க, பத்த வெச்ச கண்ணிக்கெல்லாம் கழிவு எச்சா வரும். அடகுக்கும் மதிப்பீட்டாளர் உரசித்தான் கிராம் போடுவார், ஆனா அதுல குறைஞ்சா கடன்தான் குறையும், நகை உங்களுதே. மூணு பவுனுக்கு வரம்பு 1,80,000, உங்களுக்கு வேண்டியது 1,26,400, அதனால தரம் கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்கும்.

சனிக்கிழமை போகாதீங்க. கூட்டம் இருக்கும், பணம் கணக்குல ஏறத் தாமதமானா ஞாயிறு தாண்டிரும், மச்சானுக்குப் பதில் சொல்லணும். செவ்வாய், புதன்ல ஒரு அரை நாள் லீவு போட்டு, நகைக்கடன் கம்பெனி திறந்ததும் முதல் ஆளாப் போங்க. ரெண்டு ரசீதும் ஆதாரும் பான் கார்டும் வங்கிப் பாஸ்புக்கும் எடுத்துக்குங்க. ஊட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போங்க.